புலால் மறுத்தலும் பந்தி பிரித்தலும்

இவ்வாண்டு நம் கல்லூரி விடுதியில் நிகழ்ந்த விவாதங்களுள் மிக்க ஆரவாரத்தோடு நிகழ்ந்தது யாதென வினவின், அஃது அரசியலைப் பற்றியதன்று, பந்தாட்டத்தைப் பற்றியதுமன்று, சோற்றைப் பற்றியதே. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இறைச்சிக் குழம்பு பரிமாறி வருங்கால், எம் வரிசையிலிருந்த நண்பர் ஒருவர் தம் தட்டின்மேற் கையை விரித்து, "இனி எனக்கு வேண்டா" என்றார். முந்திய கிழமைவரை எம்மோடு மகிழ்ந்து உண்டவர் அவர். உடனே நாற்புறமிருந்தும் வினாக்கள் எழுந்தன. "நீர் எப்பொழுது உயர்குலத்தாராயினீர்?" என ஒருவர் நகைத்தார். "தேர்வு நெருங்குங் காலத்தில் உடம்பை ஏன் கெடுத்துக்கொள்கின்றீர்?" என மற்றொருவர் இரங்கினார். மூன்றாமவர் நண்பரின் முன்னிருந்த மோர்க்குவளையைச் சுட்டி, "இஃது எங்கிருந்து வந்தது? மரத்திற் காய்த்ததோ?" என்றார். நண்பர் மூவருக்கும் விடை கூறாது எழுந்து சென்றுவிட்டார்.

அம்மூன்று வினாக்களும் அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை. அவை நகைச்சுவைக்காகக் கேட்கப்பட்டனவேனும், புலாலை விடுவதா வேண்டாவா என்று எண்ணும் எவரும் விடை காணவேண்டிய வினாக்கள் அவையே. ஒன்று குலத்தைப் பற்றியது. ஒன்று உடலைப் பற்றியது. ஒன்று பாலைப் பற்றியது. யானும் அன்று அவ்வரிசையிலிருந்து குழம்பை ஏற்றவன். ஆதலின் பிறர்க்கு அறிவுரை கூறும் எண்ணத்தோடு இதனை எழுதினேனல்லேன். என் முடிவை யானே தேடிய வழியை நண்பர்கள் முன் வைக்கின்றேன். குற்றங் கண்டவிடத்து அவர்கள் திருத்துவார்களாக.

முதற்கண் என் நிலையைக் கூறிவிடுதல் நேர்மையாகும். யான் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கிறிஸ்தவச் சிற்றூரொன்றிற் பிறந்தவன். ஆண்டுக்கொருமுறை எங்கள் ஆலயத்தில் அசனம் நிகழும். அதனை அறியாத நண்பர்கட்குச் சொல்லுவேன்: ஊரார் யாவரும் அரிசியும் ஆடும் பொருளும் காணிக்கையாகத் தந்து, ஆலய வளாகத்திலேயே பெரிய பாத்திரங்களிற் சமைத்து, வந்தார் அனைவரும் ஒருங்கிருந்து உண்ணும் பெருவிருந்து அது. ஆட்டுக்கறிக் குழம்பில்லாத அசனத்தை எங்களூரார் அசனமென்று ஒப்புக்கொள்ளார். எனக்குப் பத்து வயது நடந்தபோது, யான் வளர்த்த கிடாக்குட்டி ஒன்று அசனத்துக்குக் காணிக்கையாகச் சென்றது. பள்ளி விட்டு வந்தவுடன் அதற்குக் கருவேலங்காய் பொறுக்கித் தருவது என் வேலை. என் குரல் கேட்டால் அஃது ஓடிவரும். அன்று பந்தியில் அமர்ந்து யான் அழுதேன். என் பாட்டியார் என்னை மடியிலிருத்திச் சோற்றைப் பிசைந்து ஊட்டினார், யானும் உண்டேன்.

அழுததும் உண்மை, உண்டதும் உண்மை. மற்றும் ஓர் உண்மை உண்டு. ஏனைய நாட்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமரத் தயங்கும் கூலியாட்கள், அன்று அதே பந்தியில் எங்கள் தோளோடு தோள் இடிக்க அமர்ந்து, அதே குழம்பை உண்டனர். அவ்வாட்டின் சாவையும் அப்பந்தியின் ஒற்றுமையையும் யான் ஒரே நாளிற் கண்டேன். இரண்டனுள் ஒன்றை மறந்துவிட்டு மற்றொன்றைப் பற்றி மட்டும் முழங்குதல் எளிது. இரண்டையும் நினைவிற்கொண்டு முடிவு செய்தலே அரிது.

இனி முதல் வினாவை நோக்குவோம். புலாலை விட்டவனை நோக்கி, "நீ எப்பொழுது உயர்குலத்தானாயினை?" என்று கேட்கத் தோன்றுவது ஏன்? நம் பேச்சு வழக்கே அதற்கு ஒரு காரணம். புலாலில்லாத உணவை நாம் 'சைவம்' என்கின்றோம். புலாலுணவை 'அசைவம்' என்கின்றோம். ஒரு சமயத்தின் பெயர் சோற்றின் பெயராயிற்று. ஈழநாட்டார் வழங்கும் 'மரக்கறி' என்னுஞ் சொல்லில் இவ்விடர் இல்லை. உண்மையை ஆராயின், அச்சமயத்தின் அடியார் வரலாறே இவ்வழக்கிற்கு முற்றும் இடந்தருவதன்று. வேட்டுவரான கண்ணப்பர் தாம் சுவைபார்த்த பன்றியிறைச்சியையே இறைவனுக்குப் படைத்தாரென்று பெரியபுராணம் போற்றுகின்றது. அதற்கும் முற்பட்ட சங்க காலத்தில், தம்மை அந்தணரென்று கூறிக்கொண்ட கபிலர், தாம் ஊன்சோறு உண்பதைப் புறநானூற்றில் ஒளியாது கூறுகின்றார். எனவே, உயர்ந்தோர் உணவு இது, தாழ்ந்தோர் உணவு இது என்னும் பிரிவு தமிழ்நாட்டில் என்றும் நின்ற ஒன்றன்று. இடையில் வளர்ந்து இறுகியது.

அங்ஙனமாயின் புலால் மறுத்தல் நமக்கு அயலான கொள்கையோ? அதுவும் அன்று. திருவள்ளுவனார் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்தை அவர் வைத்த இடத்தை நாம் நோக்கவேண்டும். அருளுடைமை 25ஆம் அதிகாரம்; அதனை அடுத்த 26ஆம் அதிகாரமே புலான்மறுத்தல். அருளைப் பேசி முடித்தவுடன் ஊனைப் பேசுகின்றார். இவ்வதிகாரங்கள் துறவறவியலுள் அமைந்தமையால், இஃது இல்லறத்தார்க்குக் கட்டளையன்று என்று கூறுவாருமுளர். அவ்வாதத்தை யான் மறுக்கவில்லை. யான் சுட்ட விரும்புவது, இக்கொள்கையின் வேர் அருள் என்பதே. குலம் அதன் வேரன்று.

இன்றைய நிலையையும் கூறவேண்டும். 2014ஆம் ஆண்டு இந்திய அரசினர் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவருள் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலாலுண்பவரே. நூற்றுக்கு இருவர் மூவர் உண்ணும் உணவு தூய்மையின் அளவுகோலாகவும், ஏனை யாவரும் உண்ணும் உணவு மூக்கைச் சுளிக்கத் தக்கதாகவும் கருதப்படுமாயின், அவ்விடத்து அளக்கப்படுவது உணவன்று, மனிதரே. வாடகைக்கு வீடு தேடிச் செல்லும் நம் மாணவர் பலர், "நீங்கள் எதை உண்பவர்?" என்னும் வினாவின் உட்பொருளை நன்கறிவர்.

உடனுண்ணலைப் பற்றிய பிணக்கு நம் நாட்டில் எத்துணை ஆழமானது என்பதற்குச் சேரன்மாதேவிக் குருகுலத்தின் கதையே சான்று. தேசத்தொண்டிற் சிறந்த வ. வே. சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவரைத் தனியே உண்பித்தமையால் 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் கொந்தளிப்பு எழுந்தது. அதன் விளைவுகள் தமிழ்நாட்டு அரசியலையே மாற்றின. பொது மக்களின் உள்ளம் புண்பட்டது குழம்பின் வகையைக் கருதியன்று. பந்தியின் பிரிவைக் கருதியே. தனிப்பந்தி தந்த புண் இன்னும் ஆறாத நாட்டில், "எனக்கு வேண்டா" என்று ஒருவன் தட்டை மூடும்பொழுது, அருகிலிருப்பவன் செவியில் அது, "உன்னோடு வேண்டா" என்று ஒலித்தல் வியப்பன்று. நம் நண்பரை நகையாடியவர் ஈவிரக்கமற்றவரல்லர். அவர் அப்பழைய ஒலியையே கேட்டார்.

எனினும் அருளைப் பற்றிய புலால் மறுத்தலுக்கும் பந்தி பிரித்தலுக்கும் தொடர்பு வேண்டுவதில்லை என்பதற்கு வடலூர் சான்று பகரும். வள்ளலார் என வழங்கப்பெறும் இராமலிங்க அடிகளினும் கடுமையாகப் புலாலை மறுத்தவர் கடந்த நூற்றாண்டுகளில் அரியர். அவரே 1867இல் சத்திய தருமச்சாலையை நிறுவி, சாதி சமயம் வினவாது பசித்தார்க்கெல்லாம் சோறிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. புலாலுண்பாரைத் தம் நெறிக்குப் புறம்பானவரென்று அவர் கருதியது உண்மையே. ஆயினும் அவர்தம் பசியையுந் தவிர்த்தல் வேண்டுமென்றே கூறினார். ஆட்டின் பொருட்டு இரங்கிய நெஞ்சு அயலான் பசிக்கும் இரங்கிற்று.

நம் கல்லூரி ஆலயத்தில் வாசிக்கப்படும் வேதபுத்தகத்திலும் இப்பொருள் வருகின்றது. ரோமாபுரியிலிருந்த சபையாருள் சிலர் புலாலுண்டனர், சிலர் கீரை காய்களையே உண்டனர், இருசாராரும் பிணங்கினர். அவர்கட்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் அடிகள், உண்பவன் உண்ணாதவனை எளிதாக எண்ணற்க என்றும், உண்ணாதவன் உண்பவனைக் குற்றவாளியென்று தீர்க்கற்க என்றும் கருத்துரைக்கின்றார். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும், நம் விடுதிப் பந்திக்கு அவ்வறிவுரை தேவையாகவே உள்ளது.

ஆகவே முதல் வினாவிற்கு என் விடை இது: தூய்மை கருதிப் புலாலை விடுபவன், உண்பவனை இழிவாக எண்ணாதிருத்தல் அரிது, அருள் கருதி விடுபவன் அங்ஙனம் எண்ணுவானாயின், அவன் விட்டதன் பயனை அக்கணமே இழந்தான். புலாலை விடுவதாயின் அருளின் பொருட்டே விடவேண்டும்.

அருளின் பொருட்டு விடுவதற்குப் போதிய காரணம் உண்டோ எனின், உண்டென்றே துணிந்தேன். ஆடும் கோழியும் வலியை உணர்வன; அஞ்சுவன; உயிர் தப்ப ஓடுவன. இதனை அறிய விஞ்ஞான நூல் வேண்டா. ஆடு வளர்த்த எச்சிறுவனும் அறிவான். "செடிகொடிகட்கும் உயிருண்டன்றோ?" என்பார் எங்கும் உளர். தொல்காப்பியனார் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றே வகுத்தார். அவற்றிற்கு உயிரில்லை என்று யாரும் கூறவில்லை. ஆயினும் வலியை உணர்தற்குரிய நரம்பும் மூளையும் அவற்றிற்கில்லை. மேலும், புலாலுண்பவன் செடிகளைக் காப்பவனுமல்லன். கோழி தின்று வளர்ந்த மக்காச்சோளமும் சோயாவும் செடியிலிருந்தே வந்தன.

இதுகாறும் கூறியது பண்டைக்கும் பொருந்தும். நம் காலத்துக்கே உரியதொன்றும் உண்டு. என் கிடாக்குட்டி இறக்கும் நாள்வரை வெயிலில் திரிந்தது, தாயிடம் பாலுண்டது, வேலியிலேறி இலை தின்றது. இக்காலத்துக் கறிக்கோழி அங்ஙனம் வாழ்வதில்லை. பல ஆண்டு வாழத்தக்க அப்பறவை, ஐந்தாறு கிழமைக்குள் கொழுத்து வெட்டுக்குச் செல்லுமாறு இனத்தேர்வால் ஆக்கப்பட்டது. ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும் முட்டைக்கோழி, சிறகை விரிக்கவும் இடமில்லாத கம்பிக்கூட்டில் தன் வாழ்நாளைக் கழிக்கின்றது. அவ்வினத்தில் பிறக்கும் சேவற்குஞ்சு முட்டையிடாது. கறிக்கும் விரைவிற் கொழுக்காது. ஆதலின் பொரித்த நாளிலேயே அதனைக் கொன்றுவிடுதல் உலகெங்கும் வழக்கமாயிற்று. ஜெர்மனி தேசம் இவ்வழக்கத்தை 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து சட்டத்தால் தடுத்தது. நம் பாட்டிமார் உண்ட கோழியும் நாம் உண்ணும் கோழியும் பெயரால் மட்டுமே ஒன்று.

நிலத்தின் கணக்கும் உளது. 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த பேராய்வு ஒன்றின்படி, உலகின் வேளாண் நிலத்தில் நூற்றுக்கு 83 பங்கு இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவற்றின் பொருட்டே பயன்படுகின்றது. அப்பெருநிலம் உலகோர்க்குத் தருவதோ உணவாற்றலில் 18 பங்கும் புரதத்தில் 37 பங்குமே. இக்கணக்கை நம் நாட்டிற்கு அப்படியே பொருத்துதல் பிழையாகும். கலப்பை செல்லாத பொட்டலில் முள்ளிலையை மேயும் ஆடு, மனிதன் உண்ணாததை உணவாக்கித் தருகின்றது. கூட்டிலடைபட்ட கோழியோ மனிதன் உண்ணத்தக்க தானியத்தையே தின்று வளர்கின்றது. எல்லாப் புலாலும் ஒருதன்மைத்தன்று. ஆராயாது எல்லாவற்றையும் ஒருங்கே பழிப்பவன் எளிய இடையனுக்கு அநீதி செய்கின்றான்.

இரண்டாம் வினா உடலைப் பற்றியது. இதற்கு உணர்ச்சியால் விடை கூறலாகாது, கணக்கால் கூறவேண்டும். 60 கிலோ எடையுள்ள மாணவனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராமும், அவ்வளவு வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராமும் புரதம் உண்டு. அரிசியிலும் கோதுமையிலும் ஓரளவு உண்டு. அரிசியிற் குறைவான லைசின் என்னும் பொருள் உளுந்தில் மிகுதி. உளுந்திற் குறைவான மெதியோனின் அரிசியிலுளது. இரண்டையுங் கூட்டி இட்லி செய்த நம் முன்னோர் இப்பெயர்களை அறியாராயினும் பயனை அறிந்திருந்தனர். கீரை, பயறு முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்து இறைச்சியிலுள்ளதைப்போல எளிதில் உடலிற் சேர்வதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடனுண்டால் மிகுதியாகச் சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். இவற்றையெல்லாம் அறிந்து உண்பவன் உடலுக்குக் கேடில்லை. குழம்பைத் தள்ளிவிட்டு வெறுஞ்சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் உண்பவனுக்கு நிச்சயமாகக் கேடுண்டு. புலாலில்லாத உணவெல்லாம் நலந்தரும் உணவென்று எண்ணுதலும் மயக்கமே.

ஒரு பொருள்மட்டும் தனித்துக் கூறத்தக்கது. அது பி12 என்னும் வைட்டமின். கொடிய இரத்தசோகை நோயொன்றை ஈரலை உண்பித்துத் தீர்க்கலாமென்று கண்ட அமெரிக்க மருத்துவர் மூவர்க்கு 1934இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஈரலில் மறைந்திருந்த அம்மருந்துப் பொருள் 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது, அதுவே பி12. அதனைச் செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது, நுண்ணுயிர்களே செய்கின்றன. விலங்கின் உடலில் தங்குவதால் இறைச்சியிலும் முட்டையிலும் பாலிலும் கிடைக்கின்றது. நாளொன்றுக்கு வேண்டுவது ஒரு கிராமைப் பத்திலட்சம் பங்காக்கினால் அவற்றுள் இரண்டரைப் பங்கிற்குங் குறைவு. எனினும் அஃதின்றேல் இரத்தமும் நரம்பும் கெடும். நம் ஈரலிற் சேர்ந்திருக்கும் இருப்பு சில ஆண்டு தாங்கும்; ஆதலின் குறை உடனே தோன்றாது, மறைந்து வளரும். பாலையும் முட்டையையும் சேர்த்து விடுபவன் இவ்வைட்டமினை மாத்திரையாகவோ, அது சேர்க்கப்பட்ட உணவாகவோ கொள்ளுதல் இன்றியமையாதது. "முனிவர்கள் காட்டில் மாத்திரையா உண்டனர்?" என்று வாதிப்பவன் தன் நரம்பை வைத்துச் சூதாடுகின்றான்.

மூன்றாம் வினாவே கடினமானது. மோர் மரத்திற் காய்க்கவில்லை. பசுவோ எருமையோ கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது. சுரந்த பால் கன்றுக்குரியது. கன்று இறந்தவிடத்து, அதன் தோலுள் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறந்த காட்சியை நம் மூத்தோர் பலர் கண்டிருப்பர். தன் கன்றென்று எண்ணி அத்தாய் அவ்வைக்கோற் கன்றை நக்கும். பாலை அகிம்சை உணவென்று கூறுமுன் அக்காட்சியை ஒருமுறை நினைத்தல் நன்று. முற்காலத்தில் காளைக்கன்று ஏருக்கும் வண்டிக்கும் பயன்பட்டது. டிராக்டரும் மோட்டார் வண்டியும் வந்தபின் அதற்கு வேலையில்லை. வேலையில்லாத கன்றும் பால்வற்றிய எருமையும் எங்குச் செல்லுமென்பதை நாம் கேட்பதில்லை. உலகில் மிகுதியான பாலைத் தரும் நம் தேசமே எருமையிறைச்சியை அயல்நாடுகட்கு மிகுதியாக அனுப்பும் தேசங்களுள் ஒன்றாகவும் உளது. பாற்குவளையும் இறைச்சிக்கடையும் ஒரே தெருவின் இரண்டு முனைகள்.

இவ்வுண்மையைக் கண்ட சிலர் பாலையும் விட்டனர். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பரும் கூடிப் பால், முட்டை முதலிய யாவற்றையும் விலக்குவோர்க்கு ஒரு சங்கம் நிறுவி, அத்தகையோர்க்கு 'வீகன்' என்று பெயரிட்டனர். தமிழில் அவ்வுணவை இந்நாளில் நனிசைவம் என்பர். முற்கூறிய பி12 பிரித்தெடுக்கப்பட்டது அதற்கு நான்காண்டுகட்குப் பின்னரே என்பதை நோக்கின், அவர்கள் எத்துணை இருளில் அடியெடுத்து வைத்தனர் என்பது விளங்கும். நமக்கோ இன்று விளக்கு உண்டு.

இவ்விடத்தில் காந்தியடிகளின் வரலாறு எனக்குப் பெருந்துணையாயிற்று. பள்ளிச்சிறுவராயிருந்தபோது நண்பரொருவரின் தூண்டுதலால் வீட்டார் அறியாது ஆட்டிறைச்சி உண்டவர் அவர். 1888இல் இலண்டனுக்குச் செல்லுமுன் புலால் தொடேன் என்று அன்னையாரிடம் சூளுரைத்தார். அச்சமயத்தில் அது வாக்குறுதி, கொள்கையன்று. இலண்டனில் ஹென்றி ஸால்ட் என்பார் எழுதிய நூலொன்றைப் படித்தபின்னரே தம் அறிவால் ஆராய்ந்து அதனைக் கொள்கையாக்கிக்கொண்டார். 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலையும் விட்டார். 1918இல் இந்தியாவில் நோய்வாய்ப்பட்டு, உடல் தேறாது நலிந்து கிடந்த காலத்தில், கஸ்தூரிபா அம்மையார் ஆட்டுப்பால் அருந்தலாமே என்றார். தம் சூளுரை பசுவையும் எருமையையும் மட்டுமே குறித்ததென்று கொண்டு அடிகள் அதனை ஏற்றார். ஏற்றபின், சூளின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டதாகத் தம் சுயசரிதையில் வருந்தி எழுதினார். அவர் தம் குறையை மறைக்கவுமில்லை. குறையிருந்தமையால் முழுக்கொள்கையையும் எறிந்துவிடவுமில்லை. "பாலை விடாதவன் புலாலை விட்டென்ன பயன்?" என்று கேட்ட நண்பருக்கு இதுவே விடை. நூறு படியுள்ள ஏணியில் ஐம்பதாம் படியில் நிற்பவன் உச்சியை அடைந்ததாகச் சொல்லலாகாது. அதற்காகக் கீழே குதிக்கவும் வேண்டா.

இவ்வளவும் கூறியபின் ஓர் எல்லையையும் வரையவேண்டும். இம்முடிவு அவரவர் தம் தட்டைப் பற்றியது. கடலன்றி வேறு வயலில்லாத மீனவன் முன்னும், நான்கு ஆட்டை விற்று மகளைப் படிப்பிக்கும் கைம்பெண் முன்னும் சென்று நாம் அறம் பேசலாகாது. நம் பள்ளிகளில் 1956இல் பரவிய மதிய உணவும், 1982இல் விரிவான சத்துணவும் எத்தனையோ ஏழைச் சிறுவரைப் பள்ளியில் நிறுத்தின; 1989 முதல் அவ்வுணவில் முட்டையும் சேர்ந்தது. வேறு நல்லுணவுக்கு வழியில்லாத குழந்தையின் தட்டிலிருந்து, வயிறு நிறைந்த நாம் நம் கொள்கையின் பெயரால் அம்முட்டையை எடுப்பது அருளாகாது. தெரிந்தெடுக்கும் வசதியுடையவர்க்கே இவ்வினா உரியது. விடுதியில் வேளைதோறும் உண்டு வாழும் நாம் அவ்வசதியுடையோம். ஆதலின் நமக்கு உரியது.

என் முடிவைச் சொல்லி முடிப்பேன். புலாலையும் முட்டையையும் விட்டேன். காலையும் மாலையும் அருந்திய பாலையும் விட்டேன். மோரை இன்னும் விடவில்லை, அது குறையே, குறையைக் கொள்கையென்று பெயரிட்டு அழையேன். சென்ற விடுமுறையில் இதனை என் பாட்டியாரிடம் அஞ்சிக்கொண்டே கூறினேன். அவர் சிறிதுநேரம் என்னை நோக்கியிருந்து, "அன்றைக்கே அழுதாயே ஐயா, இத்தனை வருஷம் எப்படிச் சாப்பிட்டாய்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. அன்றிரவு எனக்கென்று தனிச்சமையல் செய்யாமல் வீட்டார் அனைவர்க்கும் பருப்புக் குழம்பே வைத்தார். வரும் அசனத்துக்கும் செல்வேன். என் இலையில் சோறும் காயும் ரசமும் விழும். அருகிலிருப்பார் இலையில் கறிக்குழம்பு விழும். எங்கள் தோள்கள் முன்போலவே இடித்துக்கொண்டிருக்கும்.

நம் விடுதி உணவுக் குழுவினர்க்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. இறைச்சி சமைக்கும் நாட்களில் அதனை உண்ணாதவர்க்கு வெறும் உருளைக்கிழங்கு வறுவலை இடாது, கொண்டைக்கடலையோ பயறோ சுண்டலாகவோ குழம்பாகவோ சமைத்திடல் வேண்டும். செலவு இறைச்சியினுங் குறைவே, உடலுக்கும் நன்று. அதனை உண்பார்க்கெனத் தனிமேசையோ தனிவரிசையோ ஒருபோதும் வகுக்கலாகாது. வேண்டுவோர் யாவர்க்கும், இறைச்சி உண்பார்க்குங்கூட, அச்சுண்டலை இடல் வேண்டும். தனிவரிசை வசதியாகத் தொடங்கும், வழக்கமாகும், பின்னர் வேலியாகும். நம் நாட்டு வரலாறு இதனை நமக்கு ஒருமுறை கற்பித்தது போதும்.

முதலில் தட்டை மூடிய நண்பர் சில நாள் தம் அறையிலேயே உண்டார். இப்பொழுது எம் வரிசைக்கே மீண்டு வந்துவிட்டார். அவரை நகையாடியவர் இன்னும் குழம்பு உண்கின்றார், எனினும் குழம்பு வாளி வரும்பொழுது, "இவருக்கு வேண்டாமாம், சுண்டல் கொண்டுவாருங்கள்" என்று முதலில் குரல் கொடுப்பவர் அவரே.